ஸ்குவாஷ் ஆட்டக்கூடத்தின் கதவு திறந்த வரலாறு

நம் சங்க அங்கத்தினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இத்திங்கள் ஒரு விளையாட்டின் சரித்திரத்தை எடுத்துரைக்கக் கருதுகின்றோம். கல்வி நிதிக்கும் கலியாணச் செய்திகளுக்கும் இடையே பந்தாட்டத்திற்கு யாது இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். ஒரு ஜனசமூகம் யாரைத் தன்னோடு சமமாக நிற்க விடுகின்றது, யாரை வாயிற்படிக்கு வெளியே நிறுத்துகின்றது என்பதைப் பந்தியிலும் சபையிலும் காண்பதுபோலவே விளையாட்டிடத்திலும் காணலாம். அவ்வகையில் ஸ்குவாஷ் என்னும் ஆட்டத்தின் வரலாறு நம்மனோர்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைக் கூறுவோம். நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஒரு கூடம். அதன் நீளம் 32 அடி, அகலம் 21 அடி. டென்னிஸ் ஆட்டத்திற்போல இருவரும் எதிரெதிரே நில்லாது ஒரே கூடத்தில் அருகருகே நின்று, முன்சுவரின்மீது மாறி மாறிப் பந்தை அடிப்பர். பந்து தரையில் இரண்டாம் முறை படுமுன் அதனைத் திருப்பி அடித்தல் வேண்டும். முன்சுவரின் அடியில் ஒரு தகரப்பட்டை உண்டு. பந்து அதிற்பட்டு ஓசையெழுந்தால் அடித்தவர் அப்புள்ளியை இழப்பார். பந்தோ உள்ளீடற்ற சிறு ரப்பர் உருண்டை. குளிர்ந்த நிலையில் அது எழும்பாது. அடிக்க அடிக்கச் சூடேறி உயிர் பெற்றதுபோலத் துள்ளும். இக்காலத்து விதிப்படி 11 புள்ளி முதலிற் பெறுவோர் ஓர் ஆட்டத்தைக் கெலித்தவராவர். இருவரும் பத்துப்பத்தாக நிற்பின் இரண்டு புள்ளி மேற்செல்லும்வரை ஆடல் வேண்டும். ஐந்து ஆட்டங்களில் மூன்று பெற்றவர்க்கே வெற்றி.

இருவர் மட்டும் ஆடும் இவ்வாட்டத்திற் கோஷ்டி எங்ஙனம் அமையும் எனின், அதுவே இதன் விந்தை. ஒரு கோஷ்டிக்கு மூவர் அல்லது ஐவர். திறமை நோக்கி அவர்களை முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசைப்படுத்துவர். இக்கோஷ்டியின் முதலாமவர் அக்கோஷ்டியின் முதலாமவரோடும், இரண்டாமவர் இரண்டாமவரோடும் பொருதுவர். பெரும்பான்மைப் பந்தயங்களைப் பெற்ற கோஷ்டி வென்றதாகும். உள்ளே நிற்பவர்க்கு வெளியே இருப்பவர் கையுதவி செய்ய ஒண்ணாது. ஆயினும் மூவரில் ஒருவர் உலகம் புகழும் வீரராயிருந்தும் ஏனையிருவர் தோற்பாராயின் கோஷ்டி தோற்றதே. பல கோஷ்டிகள் ஒன்றோடொன்று முறையே சந்திக்கும் லீக் பந்தயங்களிலோ, தோற்றவர் போராடிப் பெற்ற ஓரிரண்டு ஆட்டங்களுங்கூடக் கணக்கில் ஏறி இறுதியிற் பயன் தருவதுண்டு. தனித்து நின்று ஆடுக, ஆயின் தனக்காக மட்டும் ஆடற்க என்பதே கோஷ்டிப் பந்தயத்தின் தத்துவம்.

இவ்வாட்டம் பிறந்த இடம் இங்கிலாந்து. இதற்குத் தாயாகிய ராக்கெட்ஸ் என்னும் ஆட்டம் லண்டன் மாநகரில் கடன்பட்டோரை அடைத்து வைத்த சிறைச்சாலைகளில், சிறைச்சுவர்களின்மீது பந்தடித்துக் காலங்கழித்தவர்களால் வளர்ந்ததாகும். வறியோர் வளர்த்த அவ்வாட்டம் செல்வர் மக்கள் பயிலும் ஹாரோ பள்ளிக்குச் சென்றது. அங்கே 1830ஆம் ஆண்டையடுத்து, மாணவர்கள் துளைபட்டு நசுங்கும் மெல்லிய பந்தைக்கொண்டு ஆடிப் பார்த்து, அதனால் ஓட்டமும் உபாயமும் மிகுதல் கண்டனர். நசுங்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஸ்குவாஷ் என ஆட்டத்திற்குப் பெயராயிற்று. 1864ல் அப்பள்ளியில் இதற்கெனவே கூடங்கள் கட்டப்பட்டன. கூடம் கட்டப் பொருள் வேண்டும், பேண ஆள் வேண்டும். ஆதலின் பிரபுக்களின் மாளிகைகளிலும், சேனை உத்தியோகஸ்தரின் விடுதிகளிலும், செல்வர்தம் கிளப்புகளிலும் இவ்வாட்டம் அடைபட்டது. கடலிலுங்கூட அவ்வாறே. 1912ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஒரு ஸ்குவாஷ் கூடம் இருந்தது. அரைமணி நேரத்திற்கு 2 ஷில்லிங் கொடுத்து முதல் வகுப்புப் பிரயாணிகள் ஆடலாம். அவர்கட்கு ஆட்டம் பயிற்றுவிக்க பிரெடெரிக் ரைட் என்பவர் அமர்த்தப்பட்டிருந்தார். பிரயாணிகளில் ஒருவராகிய கர்னல் கிரேஸி மறுநாட் காலை அவரோடு ஆட நேரங் குறித்திருந்தார். கப்பல் பனிமலையில் மோதியபின் படிக்கட்டில் அவரைக் கண்டு, நாளைய ஏற்பாட்டை நிறுத்திவிடலாம் அல்லவா என்று வேடிக்கையாகக் கேட்க, அவரும் ஆம் என்று கூறிச் சென்றார். கர்னல் பிழைத்தார், ஆசிரியர் கடலில் மாண்டார்.

இங்கே ஒரு பேதத்தை விளக்குதல் இன்றியமையாதது. பொருள் கருதாது இன்பம் ஒன்றே கருதி ஆடுவோரை அமெச்சூர் என்றும், ஆட்டத்தையே ஜீவனமாகக் கொண்டோரைத் தொழிலாட்டக்காரர் என்றும் ஆங்கிலேயர் இரு வகுப்பாகப் பிரித்தனர். இந்திய தேசத்துக் கிளப்புகளில் பின்னவர்க்கு மார்க்கர் என்று பெயர். கூடத்தைத் துப்புரவு செய்வதும், மட்டைக்கு நரம்பு கட்டுவதும், புள்ளி எண்ணுவதும், துணை கிடைக்காத கனவான்களோடு ஆடுவதும், அவர்கட்கு நுட்பங்களைக் கற்பிப்பதும் மார்க்கரின் வேலை. கற்பித்தவர் கிளப்பின் அங்கத்தினராகார். ஆதலின் கிளப்பின் கோஷ்டியிலும் அவர்க்கு இடமில்லை. லண்டன் கிளப்புகளுக்கிடையே 1922ல் தொடங்கிய பாத் கிளப் கோப்பை முதலிய லீக் பந்தயங்கள் யாவும் அங்கத்தினர்களின் அமெச்சூர் கோஷ்டிகளுக்கே உரியனவாயிருந்தன.

இப்பேதம் முழுதும் தீய நோக்கத்தால் எழுந்தது என்று நாம் கூறவில்லை. பணத்தாசை புகுந்தால் ஆட்டம் கெடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். ஆயினும் நடைமுறையில் விளைந்தது யாது? பொருள் கருதாது ஆடுதல் பொருள் உடையார்க்கே எளிது. உழைத்து உண்பவன் ஆட்டத்தில் எத்துணை வல்லவனாயினும், அவ்வல்லமையால் ஒரு வேளைச் சோறு பெற்றதனாலேயே தாழ்ந்தவனாக எண்ணப்பட்டான். பகிரங்கப் பந்தயங்களில் மட்டுமே இரு வகுப்பாரும் கலந்து ஆடினர். அவற்றுள் தலைசிறந்தது 1930ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஓப்பன். அதில் எகிப்து தேசத்து ராஜதந்திரியும் அமெச்சூருமாகிய அமர் பே, தொழிலாட்டக்காரராகிய டான் புச்சரைக் கெலித்துப் பல்லாண்டு புகழோடு விளங்கினார். எனவே அமெச்சூர் வகுப்பில் திறமையாளர் இலர் என்பது எம் கருத்தன்று. மற்றவரைத் தம் கோஷ்டியில் சேர்க்க மறுத்ததே குறை.

இனிப் பெஷாவருக்கு வருவோம். ஆங்கிலேய ஆட்சியில் அங்கிருந்த சேனை உத்தியோகஸ்தர் கிளப்பில் தலைமைப் பரிசாரகராயிருந்தவரின் மகன் ஹாஷிம்கான். பக்கத்து நவாகில்லி கிராமத்தவர். தந்தை இறந்தபோது சிறுவராயிருந்த ஹாஷிம் பள்ளிப் படிப்பை விட்டு, அக்கிளப்பிலேயே பந்து பொறுக்கும் பையனாக அமர்ந்தார். அங்குள்ள கூடங்களுக்கு மேற்கூரையில்லை. சுவரைத் தாண்டி வெளியே விழும் பந்துகளை ஓடியெடுத்து எறிதலே அவர் தொழில். நடுப்பகல் வெயிலில் துரைமார் உறங்கும் வேளையில், வெறுங்காலோடு காலியான கூடத்திற் புகுந்து தாமே தமக்கு எதிரியாக நின்று ஆடிப் பழகினார். 1942ல் விமானப்படை உத்தியோகஸ்தர்கட்குப் பயிற்சியாளராயினார். 1944ல் பம்பாயில் நடந்த அகில இந்தியப் பந்தயத்தில் முதன்மை பெற்று, அதனை 1946வரை தம்மிடமே வைத்திருந்தார்.

1947ல் தேசம் இரண்டாயிற்று. ஹாஷிமின் உறவினரும் பம்பாயில் தொழிலாட்டக்காரராயிருந்தவருமான அப்துல் பாரி, 1950ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தில் இறுதிவரை சென்று எகிப்தியராகிய மஹ்மூத் கரீமிடம் தோற்றார். பாரியைப் பன்முறை வென்றிருந்த ஹாஷிம், அடுத்த ஆண்டு தம் தேசத்தாரின் ஆதரவு பெற்று இங்கிலாந்து சென்றார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பதைக் கடந்து நெடுநாளாயிருந்தது. 1951ஆம் ஆண்டு இறுதிப் பந்தயத்தில் நான்காண்டு முதன்மை வகித்த கரீமை 9-5, 9-0, 9-0 என்ற கணக்கில் வென்றார். அதன்பின் மொத்தம் ஏழுமுறை அவ்விருதைப் பெற்றார். அவர் தம்பி ஆஜம்கான் 1959 முதல் 1962 வரை நான்கு முறை வென்றார். உறவினராகிய ரோஷன்கான் 1957ல் வென்றார். கிளப்பின் முன்வாயிலில் நுழைய உரிமையற்றிருந்த குடும்பங்கள் அவ்வாட்டத்தின் ராஜகுடும்பமாயின.

இனி நம் அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். இத்துணை வெற்றிக்குப் பின்னரும் கோஷ்டிப் பந்தயங்களின் கதவு இவர்கட்குத் திறக்கவில்லை. 1967ல் சர்வதேச ஸ்குவாஷ் சம்மேளனம் தோன்றியது. அவ்வாண்டே ஆஸ்திரேலியாவில் உலகக் கோஷ்டிப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. ஆனால் அஃது அமெச்சூர்களுக்கே உரியது. ஆகவே தேசத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் பலர் தம் தேசத்தின் பெயரால் நிற்க இயலாது வீட்டில் அமர்ந்திருந்தனர். 1967, 1969, 1971, 1973 ஆகிய நான்கு முறையும் ஆஸ்திரேலியா வென்றது. பின்னர் 1976லும் 1979லும் பிரிட்டனும், இடையே 1977ல் பாகிஸ்தானும் வென்றன. வென்றவர் திறமையை நாம் குறைகூறோம். ஆயினும் எல்லா வீரரும் களம் புகாத போட்டியில் முதன்மை பெறுதல் முழுமையான முதன்மையாகாது.

1979ல் நிகழ்ந்தது ஒன்று குறிப்பிடத்தக்கது. ரோஷன்கானின் மகன் ஜஹாங்கீர் இளமையில் நோயுற்று மெலிந்தவர். அவ்வாண்டு உலகப் பந்தயத்திற்குத் தேசக் கோஷ்டியைத் தேர்ந்தவர்கள், உடல்வலி போதாதென்று பதினைந்து வயதான அவரைச் சேர்க்கவில்லை. அவரோ தனியாட்டக்காரர்க்குரிய உலக அமெச்சூர் பந்தயத்தில் நுழைந்து முதன்மை பெற்றார். மறு ஆண்டு, 1980ல், சம்மேளனம் அமெச்சூர், தொழிலாட்டக்காரர் என்ற பேதத்தையே நீக்கிவிட்டது. அதன்பின் நடந்த 1981, 1983, 1985, 1987 ஆகிய நான்கு உலகக் கோஷ்டிப் பந்தயங்களையும் பாகிஸ்தானே வென்றது. ஜஹாங்கீர் ஐந்தாண்டுகளுக்கு மேல் எப்பந்தயத்திலும் தோல்வியறியாது விளங்கி, பிரிட்டிஷ் ஓப்பனைத் தொடர்ந்து பத்து முறை வென்றார். கதவைத் திறந்ததனால் கூடம் இடிந்து விழவில்லை, ஆட்டமே உயர்ந்தது.

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். இங்கும் நெடுங்காலம் இவ்வாட்டம் கிளப்புகளின் சுவருக்குள்ளேயே இருந்தது. சென்னை நேரு பூங்காவில் இந்திய ஸ்குவாஷ் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்ட பின்னர்ப் பல மாகாணத்து இளைஞரும் ஓரிடத்துக் கூடிப் பயிலும் வாய்ப்பு உண்டாயிற்று. கல்கத்தாவிற் பிறந்த சௌரவ் கோஷலும் அங்ஙனம் சென்னைக்கு வந்து பயின்றவரே. அதன் பயனை 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் பந்தயங்களிற் கண்டோம்.

அங்கே லீக் சுற்றில் இந்தியக் கோஷ்டி பாகிஸ்தானிடம் 1-2 என்று தோற்றது. தோற்ற கோஷ்டி மனந்தளராது ஏனையோரை வென்று முன்னேறி, செப்டம்பர் 30ஆம் நாள் இறுதிப் பந்தயத்தில் அதே பாகிஸ்தானை மீண்டும் சந்தித்தது. முதலிற் புகுந்த மகேஷ் மங்காவ்ங்கர், நாசிர் இக்பாலிடம் மூன்று ஆட்டங்களையும் இழந்தார். இரண்டாவதாகப் புகுந்த சௌரவ் கோஷல், அசீம்கானை மூன்று ஆட்டங்களிலும் வென்று சமன் செய்தார். மூன்றாவது பந்தயம் சென்னை வாலிபராகிய அபய் சிங்குக்கு வாய்த்தது. எதிரி நூர் ஜமான். 1975ல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற கமர் ஜமானின் பேரர். ஆட்டங்கள் இரண்டிரண்டாகச் சமமாயின. ஐந்தாவது ஆட்டத்தில் அபய் 8-10 என்று பின்தங்கினார். இன்னும் ஒரு புள்ளி எதிரி பெற்றால் எல்லாம் முடிந்தது. அந்நிலையில் அபய் நான்கு புள்ளிகளைத் தொடர்ந்து பெற்று 12-10 என முடித்தார். பொற்பதக்கம் இந்தியாவிற்கு வந்தது.

அப்பதக்கம் யார்க்கெல்லாம் அளிக்கப்பட்டது என்பதை நம் வாலிபர்கள் சிந்தித்தல் வேண்டும். இறுதியில் வென்ற அபய்க்கும், சமன் செய்த சௌரவுக்கும் கிடைத்த அதே பொன்னே அன்று தோற்ற மகேஷுக்கும், அப்பந்தயத்தில் மட்டையே எடாது காத்திருந்த ஹரிந்தர்பால் சந்துவுக்கும் கிடைத்தது. வென்றவன் உயர்ந்தவன், தோற்றவன் தாழ்ந்தவன் என்ற கணக்கு ஒரு கோஷ்டிக்குள் இல்லை.

பெண்மக்களைப் பற்றியும் கூறல் வேண்டும். இங்கிலாந்தில் 1922லேயே மாதர்க்கெனப் பந்தயம் நடந்திருக்கிறது. நம் நாட்டில், தேசியப் பட்டத்தைப் பதினாறு முறை பெற்ற புவனேஷ்வரி குமாரியின் சாதனையைச் சென்னைப் பெண்மணி ஜோஷ்னா சின்னப்பா 2019ல் கடந்தார். 2014ல் கிளாஸ்கோ நகரில் அவரும் தீபிகா பள்ளிக்கலும் இரட்டையர் ஆட்டத்திற் பொன் பெற்றனர். 2025ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலேயே நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆடவரும் மகளிரும் ஒரே கோஷ்டியாக நின்றனர். இறுதியில் ஹாங்காங்கை எதிர்த்து ஜோஷ்னா, அபய் சிங், இளநங்கை அனாஹத் சிங் ஆகிய மூவரும் முறையே வென்று, இந்தியாவிற்கு முதன்முறையாக அக்கோப்பையைப் பெற்றுத் தந்தனர். அம்மூன்று வெற்றிகளில் இரண்டு பெண்மக்களுடையவை. பெண் ஆடலாகாது என்று கதவடைத்திருந்தால் அக்கோப்பை ஏது?

இவ்வளவும் கூறியது வேற்று நாட்டாரையும் கிளப் துரைமாரையும் பழிப்பதற்கன்று. வாயிலில் ஆள் நிறுத்தும் வழக்கம் எல்லா மனிதக் கூட்டத்திற்கும் உண்டு. சமூகத்தின் பெயரால் கூடிய நமக்கு அதில் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். கிளைப் பெயரும் உட்பிரிவும் ஊர்ப்பெருமையும் பேசி ஒருவரையொருவர் விலக்குதல், ஒரு கோஷ்டி தன் மூன்றாமவரைத் தானே வெட்டி வீழ்த்துதற்கு ஒப்பாகும். ஜாதிப்பற்று என்பது பிறரை வெளியே நிறுத்துவதற்கன்று. பின்தங்கியவரைக் கைதூக்குதற்கே என்று கொண்டால்தான் சங்கம் என்ற சொல்லுக்குப் பொருளுண்டு.

ஆதலின் நம் இளைஞர் யாதேனும் ஒரு விளையாட்டிற்குக் கோஷ்டி சேர்க்குங்கால் மூன்று நியமங்களைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஒன்று, ஆடுவோரைத் திறமை நோக்கித் தேர்க. இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது நோக்கற்க. இரண்டு, மைதானம் பெருக்கும் வேலையாளின் மகனும், விடுதியிற் சமைப்பவரின் மகளும் மட்டை பிடிக்க விரும்பினால், அவர் எம்மரபினராயினும் கொடுத்துப் பழக்குக. உச்சிவெயிலில் யாருமில்லா நேரத்தில் ஒளிந்து ஆடவேண்டிய நிலை எச்சிறுவனுக்கும் நம்மால் நேரலாகாது. மூன்று, தோற்று வந்தவனை வென்றவனோடு ஒரே வரிசையில் அமர்த்தி உணவு படைக்க. பெற்றோரும் பிள்ளைகள் தோற்று வரும் நாளில் கடிந்து பேசாது, அடுத்த லீக் பந்தயம் எந்நாள் என்று மட்டும் கேட்பாராக.

2028ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடக்கவிருக்கும் ஒலிம்பிக் விழாவில் ஸ்குவாஷ் ஆட்டமும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே நம் நாட்டின் பெயரால் நிற்போர் யாராயினும் அவர் வெற்றி பெறுக என வாழ்த்துவோம். நம் ஊர்களிலும் கதவு திறந்த மைதானங்கள் பெருகுக. சங்கம் வளர்க, ஐக்கியம் ஓங்குக.